வண்டியைத் தூக்கிவிட்டார்களா? வீல் லாக்கா? மலையில் கூலிக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் நோ பார்க்கிங்கில் நிறுத்தினால் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய். வெளியூரிலிருந்து பெரிய காரில் வந்து, ஒரு இரவு ரூமுக்கு ஆறாயிரம் கொடுத்துத் தங்குபவருக்கும் இதேதான். கோடப்பமந்திலிருந்து பழைய பிக்கப்பில் காய்கறி மூட்டை ஏற்றிவந்து மார்க்கெட் ஓரத்தில் இறக்குபவருக்கும் இதேதான். முன்னவர் மொபைலை எடுத்து ஸ்கேன் பண்ணிவிட்டுப் போய்விடுவார், சாயங்காலம் அதை மறந்தும் போவார். பின்னவருக்கு அது அன்றைய சம்பாத்தியம். தோட்டத்தில் இலை பறிக்கும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி.

அபராதத்தோடு முடிந்தாலாவது பரவாயில்லை. வண்டியை இழுத்துப் போனால் இழுவைக் கட்டணமும் சொந்தக்காரர் தலையில்தான் விழும். வண்டியை மீட்க அலையும் நாளில் வாடகை போச்சு. உள்ளே இருந்த கீரையும் பூவும் வாடிப்போச்சு. கையில் பணமில்லையென்றால் தண்டல்காரரிடம் வாங்கவேண்டும், அந்த வட்டி தனி. 500 ரூபாய் என்று ஆரம்பித்தது வார முடிவில் எங்கே போய் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். மலையில் ஏழைகளின் வீட்டுக்கு வண்டி போகாது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் காலனி வீடுகளும் பெரும்பாலும் படிக்கட்டு ஏறி இறங்கும் சரிவில்தான் இருக்கின்றன, ஆட்டோவோ பைக்கோ வைத்திருந்தால் அது மெயின் ரோட்டில்தான் இரவு நின்றாகவேண்டும், வேறு இடமே கிடையாது. காம்பவுண்டும் கேட்டும் உள்ள வீட்டுக்காரருக்கு இந்த அபராதம் வர வாய்ப்பே குறைவு. ஆக, விதி எல்லோருக்கும் ஒன்று என்றாலும் அதில் மாட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆட்கள் இல்லை. இதை மாற்றக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அதுவரை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரிந்துவைத்திருக்கவேண்டும், அதற்காகத்தான் இது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதை 2019-இல் திருத்தி அபராதங்களைப் பலமடங்கு ஏற்றினார்கள். உதாரணத்துக்கு, பிரிவு 177-இன் பொது அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ஆனது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. நிறுத்துவது தொடர்பாக நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய பிரிவுகள் கொஞ்சம்தான்.

பிரிவு 122: மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போவது. பிரிவு 177: தனியாகத் தண்டனை சொல்லாத எல்லா மீறலுக்கும் பொதுவான அபராதம், முதல் தடவை 500, அடுத்து 1,500. பிரிவு 201: போக்குவரத்தை மறித்து நிறுத்துவது, 500 ரூபாய் வரை, அரசுத் தரப்பில் வண்டியை அகற்றினால் அந்தச் செலவும் சேர்த்து.

பிரிவு 127-தான் இழுவைக்கும் வீல் லாக்குக்கும் அடிப்படை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் பொது இடத்தில் விடப்பட்ட வண்டி, அல்லது சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய வண்டி, இந்த இரண்டையும் இழுத்துப் போகவோ பூட்டவோ, அந்த எல்லைக்குரிய, சீருடையில் இருக்கும் ஒரு போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். வழியை அடைத்து ஆபத்தாக நிற்கும் கேட்பாரற்ற வண்டி என்றால் உடனேயே அகற்றலாம். இதில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒன்று, உத்தரவு போலீஸ் அதிகாரியுடையதாக இருக்கவேண்டும். இழுவை வண்டி ஓட்டும் காண்டிராக்ட் ஆளோ, பார்க்கிங் குத்தகை எடுத்தவரின் பையனோ தானாக முடிவு பண்ணி உங்கள் வண்டியைத் தூக்கமுடியாது. இரண்டு, "சட்டப்படி தடை செய்யப்பட்ட இடம்" என்றால் அதற்கு ஒரு உத்தரவு இருக்கவேண்டும். எங்கே நிறுத்தலாம் என்று தீர்மானிப்பது பிரிவு 117, எங்கே பலகை வைக்கவேண்டும் என்பது பிரிவு 116. பலகையே இல்லாத இடத்தில், கோடே போடாத இடத்தில் "இங்க நிறுத்தக்கூடாதுன்னு தெரியாதா" என்று கேட்டால், தெரியாது என்பது நியாயமான பதில்தான்.

ஆனால் பலகை இல்லாமலே தடை உள்ள இடங்களும் உண்டு. வளைவு, ஏற்றத்தின் உச்சி, பாலம், நடைபாதை, சந்திப்பின் அருகில், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரட்டையாக நிறுத்துவது. 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இவையெல்லாம் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவில் நிறுத்திவிட்டுப் பலகை எங்கே என்று கேட்கக்கூடாது. அங்கே பஸ் திரும்பமுடியாமல் நின்றால் பின்னால் 108 மாட்டிக்கொள்ளும்.

வண்டி அங்கே இல்லை: முதல் அரை மணி நேரம்

பதறி ஓடாதீர்கள். முதலில் நின்ற இடத்தைப் போட்டோ எடுங்கள். சும்மா தரையை மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு பக்கமும் ஐம்பது அடி தூரம் தெரியும்படி, பலகை இருந்தால் பலகை, இல்லையென்றால் இல்லாததும் தெரியும்படி, பக்கத்துக் கடைப் பெயர்ப்பலகை அடையாளத்துக்கு வரும்படி ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. நாளைக்கே அங்கே புதுப் பலகை முளைத்துவிட்டால் இந்த வீடியோதான் உங்கள் சாட்சி. பலகை இருந்தும் மரக்கிளையோ விளம்பரத் தட்டியோ மறைத்திருந்தால் அதையும் எடுங்கள், வண்டி ஓட்டிவரும் உயரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறதோ அப்படி.

அப்புறம் பக்கத்துக் கடையில் கேளுங்கள். டீக்கடைக்காரருக்கும் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களுக்கும் யார் வந்து தூக்கினார்கள், எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்கும். யாருமே பார்க்கவில்லை என்றால் 112-க்கு அடித்து வண்டி எண்ணைச் சொல்லி, போக்குவரத்துப் போலீஸ் எடுத்ததா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்று சொன்னால் அது திருட்டு, உடனே புகார் கொடுக்கவேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது பிரச்சனை வரும்.

தூக்கிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வந்துவிட்டால், சத்தம் போடாமல், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "சார், நான் வந்துட்டேன், வண்டியை இப்பவே எடுத்துடுறேன். ஃபைன் போடறதா இருந்தா இங்கேயே போடுங்க, இழுக்க வேண்டாம்." ஓட்டுநர் வந்து, வண்டியும் நகர்ந்துவிட்டால், போக்குவரத்தைச் சரிபண்ணும் வேலை முடிந்துவிட்டது. பல அதிகாரிகள் இதை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காவிட்டால், உத்தரவு போட்ட அதிகாரி யார், எந்தப் பிரிவில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிடித்து இழுப்பது, முன்னால் போய் நிற்பது எதுவும் வேண்டாம், அது வேறு வழக்காக மாறிவிடும்.

வீல் லாக் என்றாலும் இதே மாதிரிதான், கூடவே ஒன்று: மாட்டியிருப்பதைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். சரிவில் நின்ற வண்டிக்கு இரும்புக் கொக்கி மாட்டியிருக்கும்போது நியூட்ரலில் விட்டு அசைத்தால் ரிம் வளைந்துவிடும், மட்கார்டு கிழிந்துவிடும். பூட்டின் மேலோ கண்ணாடியிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்து அதில் போன் நம்பர் இருந்தால் அதையும் ஒரு போட்டோ. பூட்டை நீங்களே உடைக்கவே கூடாது, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகிவிடும்.

சலானைக் கையில் வாங்கியதும்

பாதிப்பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கேயே நின்று படியுங்கள். வண்டி எண் சரியா, இடம் எது, நேரம் என்ன, எந்தப் பிரிவு, எழுதியவர் பெயரும் பதவியும் இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா. நிறுத்தியதற்கு மட்டும் போட்டதாகச் சொல்லிவிட்டு உள்ளே ஹெல்மெட், சீட் பெல்ட் என்று வேறு பிரிவும் சேர்ந்திருந்தால் அப்போதே கேளுங்கள். இரண்டாவது தடவை என்று போட்டு 1,500 எழுதியிருந்தால், முதல் தடவை எப்போது என்று கேளுங்கள். வண்டியை இப்போதுதான் வாங்கியிருப்பீர்கள், பழைய சொந்தக்காரர் வாங்கிய சலான் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். "முன்னூறு குடு, போயிடு" என்று யாராவது சொன்னால் அந்த நேரத்துக்கு இருநூறு மிச்சம் மாதிரித் தெரியும். ஆனால் அதே மாதம் நாலு தடவை அதே ஆள் அதே இடத்தில் நிற்பார். ரசீது இருந்தால்தான் அது அபராதம்.

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கையில் காகிதமாக இருக்கவேண்டும் என்பதில்லை. அரசு ஆப்களான டிஜிலாக்கர், எம்-பரிவாகன் இரண்டிலும் உள்ளவை செல்லும், 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். மலையில் சிக்னல் கிடைக்காத இடம் ஏராளம், அதனால் ஆப்பில் ஒருமுறை திறந்து வைத்துக்கொள்வது நல்லது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் பிரிவு 206-இன்படி ஒப்புகைச் சீட்டு தரவேண்டும், அந்தச் சீட்டை வைத்தே வண்டி ஓட்டலாம். வண்டியையே பிடித்து வைப்பதற்குப் பிரிவு 207: பதிவு இல்லை, பர்மிட் இல்லை, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது மாதிரியான காரணங்கள் வேண்டும். நோ பார்க்கிங் அபராதத்தைக் கட்டிய பிறகும் "நாளைக்கு வா" என்றால், எந்தப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டுவதா, எதிர்ப்பதா

இங்கேதான் நிதானமாக யோசிக்கவேண்டும். உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லாச் சலானையும் எதிர்க்கச் சொல்லமாட்டேன். கோர்ட்டுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போகும், பந்தலூர் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு வந்துபோவதென்றால் விடியலில் கிளம்பி இருட்டியபின்தான் வீடு. வாய்தா போட்டால் இன்னொரு நாள். வசதியுள்ளவர் வக்கீலை அனுப்பிவிடுவார், கூலிக்காரர் தானே போய் நிற்கவேண்டும். இந்த அநியாயம் சட்டப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்காது, ஆனால் பல பேர் செய்யாத தப்புக்கும் பணம் கட்டிவிட்டுப் போவது இதனால்தான்.

உங்கள் மேல் நிஜமாகவே தப்பு இருந்தால், பஸ் ஸ்டாப்பிலோ வளைவிலோ நிறுத்தியிருந்தால், அன்றைக்கே கட்டிவிடுங்கள். செலவு அதோடு நிற்கும்.

எதிர்க்கவேண்டிய சலான்கள் வேறு. பலகையே இல்லை என்பதற்கு வீடியோ இருக்கிறது. வண்டி எண் தப்பு. அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்ததற்கு டீசல் பில்லோ செக்போஸ்ட் சீட்டோ இருக்கிறது. வண்டி பழுதாகி நின்றது, மெக்கானிக் சீட்டு இருக்கிறது. பார்க்கிங் குத்தகைக்காரரிடமே டோக்கன் வாங்கி நிறுத்தியிருக்கிறீர்கள், அந்த டோக்கன் இருக்கிறது. இப்படிக் கையில் ஆதாரம் இருந்தால் விடாதீர்கள். ஏனென்றால் நீங்கள் கட்டிவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகக் கணக்கு, அடுத்த தடவை நேராக 1,500. இன்று 500-ஐத் தொலைத்துக் கட்டினால் போதும் என்று நினைப்பது பின்னால் கையைக் கடிக்கும்.

எதிர்க்கும் வழி இதுதான். முதலில் இ-சலான் பரிவாகன் தளத்தில் சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டு, குறை தெரிவிக்கும் பகுதியில் ஆதாரத்தோடு பதிவு பண்ணுங்கள். பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூடவே அந்தப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் ஒரு மனு, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எண் தப்பு மாதிரியான வெளிப்படையான பிழைகள் இங்கேயே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தால் அந்தத் தளத்தில் இரண்டு வழி காட்டும், அபராதத்தைக் கட்டுவது அல்லது வழக்கை எதிர்ப்பது. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு உரிய நீதிமன்றத்துக்கு மாறும். அவசரத்தில் கட்டுவதை அழுத்திவிட்டால் திரும்ப வராது, நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். ஊட்டியில் காக்காத்தோப்பு நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்; குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்க்காரர்கள் அந்தந்த ஊர்க் கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். கொடைக்கானலிலும் கோர்ட்டில் விசாரியுங்கள். போனில் கேட்க 15100. தேசிய மக்கள் நீதிமன்றம் வரும் நாளில் சமரசமாகக்கூடிய சின்ன வழக்குகளை எடுப்பார்கள், அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு முடித்த வழக்குக்கு அப்பீலும் கிடையாது.

கையில் காசு இல்லை என்றால்

தண்டலுக்குப் போவதற்கு முன் இதைப் படியுங்கள். கோர்ட்டில் அபராதம் விதித்தால் அன்றே மொத்தமாகக் கட்டியாகவேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அபராதம் மட்டும் விதித்து, கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பு வந்தால், 30 நாளுக்குள் கட்ட அவகாசமோ, இரண்டு அல்லது மூன்று தவணையோ தர நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 424. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 464. ஒரு பாண்டு, அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அது கேட்டால்தான் கிடைக்கும். "ஐயா, நான் தினக்கூலி, தவணையில் கட்ட அனுமதி வேண்டும்" என்று வாயால் சொல்லலாம், ஒரு வெள்ளைத் தாளில் எழுதியும் கொடுக்கலாம்.

ரோட்டில் போடும் சலானுக்கு இந்த வசதி இல்லை என்பதுதான் பெரிய குறை. கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்தவர்கள் பார்க்கிங் அபராதத்தைத் தவணையில் கட்ட 2017-இலேயே சட்டம் போட்டார்கள். அங்கே சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் ஏழைகளுக்கு இழுவைக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறது. ஃபின்லாந்தில் வேகமாக ஓட்டி மாட்டினால் அபராதமே ஆளின் நாள் வருமானத்தை வைத்துத்தான், அந்த முறை 1921 முதல் இருக்கிறது. நம் ஊரில் இப்படிக் கேட்டால் ஏதோ சலுகை கேட்பதுபோலப் பார்க்கிறார்கள். ஒரு நாள் கூலியை ஒருவரிடமும், ஒரு டீச் செலவை இன்னொருவரிடமும் வாங்கிவிட்டு இரண்டும் ஒரே தண்டனை என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கட்டாமலே விட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும். ஆட்டோ, மேக்சி கேப், பிக்கப் எதுவானாலும் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும் அன்றைக்கு நிலுவை எல்லாம் திரையில் வந்து நிற்கும். எட்டு வருஷத்துக்கு மேல் பழைய வாடகை வண்டி என்றால் எஃப்.சி. வருஷா வருஷம். அங்கே மாட்டினால் வண்டி ஓட்டமுடியாது, ஓட்டாமல் பணம் வராது, பணமில்லாமல் எஃப்.சி. கிடைக்காது. ஆகவே மாதம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வண்டியை எடுக்கும்போது

உள்ளே கால் வைத்ததும் பணத்தை நீட்டாதீர்கள். வண்டியைச் சுற்றிப் பாருங்கள், போட்டோ எடுங்கள். முன் பம்பர், சைலன்சர், கியர் பாக்ஸ் அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா, பைக் என்றால் ஹேண்டில் லாக் உடைந்திருக்கிறதா. கியரில் போட்டு, கல் அண்டை கொடுத்து நிறுத்தியிருந்த வண்டியை அப்படியே இழுத்திருந்தால் சேதம் கண்டிப்பாக இருக்கும். சேதம் இருந்தால் வெளியே எடுக்கும் முன்பே எழுத்தில் கொடுத்துச் சீல் வாங்குங்கள். வெளியே வந்தபிறகு சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அபராதம் ஒரு ரசீது, இழுவைக் கட்டணம் தனி ரசீது. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டியைப் பிறகு எடுப்பதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து, சாப்பாடு, காய்கறி, பிள்ளைகளின் புத்தகப் பையை உடனே எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். தள்ளுவண்டியிலோ நிறுத்திய இடத்திலேயே வண்டி வைத்தோ வியாபாரம் செய்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தரவேண்டும், அழுகும் பொருளைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தரவேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். நகராட்சி ஆட்கள் எடுத்துப் போகும்போது இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பட்டியல் கேளுங்கள்.

ஆர்சியில் யார் பெயர், யார் நம்பர்

மலையில் ஓடும் பழைய பைக்குகளும் ஆட்டோக்களும் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கைமாறி வந்தவையாக இருக்கும், பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்போம். சலான் போட்டால் செய்தி பழைய ஆளுக்கோ புரோக்கருக்கோ போகும், உங்களுக்குத் தெரியும்போது மூன்று நாலு சேர்ந்திருக்கும். ஆர்சியில் உள்ள மொபைல் எண்ணைப் பரிவாகன் தளத்தில் மாற்றுங்கள், முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். வண்டியை விற்றவர்கள் ஃபாரம் 29, வாங்கியவர்கள் ஃபாரம் 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும். விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள்தான் அடுத்தவர் செய்த தப்புக்கும் அபராதம் கட்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு சலான்" என்று ஒரு ஃபைலை இறக்கச் சொல்லி வந்தால் தொடாதீர்கள். இறக்கினால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

சீசன் மாதங்கள்

ஏப்ரல், மே வந்தால் ஊரே மாறிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறுவது, கோத்தகிரி வழியாக இறங்குவது என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், நேற்றுவரை நிறுத்திய இடத்தில் இன்று தடுப்பு வைத்திருப்பார்கள். வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் பதிந்து வாங்கவேண்டிய இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இருக்கிறது. 2025 சீசனில் ஊட்டிக்கு வாரநாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தும் வண்டி மட்டும் வெளியூர்ப் பதிவு என்றால் செக்போஸ்ட்டில் நிற்கவேண்டிவரும், அதனால் குடியிருப்புச் சான்றோடு முன்னதாகவே உள்ளூர் பாஸுக்குப் போட்டுவிடுங்கள்.

சீசனில் திடீரென வரும் தடையை மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் செய்தியாக அறிவிக்கும். அந்த அறிவிப்பின் நகலை ஸ்டாண்டில் ஒட்டிவையுங்கள். தேதி, நேரம், எந்தச் சாலை என்று அதில் இருக்கும். தடைக் காலம் முடிந்த பிறகும் அதே காரணத்தைச் சொல்லிச் சலான் போட்டால் அந்த நகலே உங்களுக்கு ஆதாரம்.

ஒருவராக அலையாமல் சேர்ந்து கேட்பது

தனி ஆளாகச் சலானை எதிர்த்தால் அந்த ஒரு சலான்தான் போகும். ஒரே இடத்தில் பல பேர் மாட்டினால் அந்த இடத்தில்தான் கோளாறு. ஸ்டாண்டில் ஒரு நோட்டு போட்டு, யாருக்கு எங்கே எப்போது எந்தப் பிரிவில் விழுந்தது என்று எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் எந்த இடம் என்று பளிச்சென்று தெரியும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். "ஏன் இப்படி அநியாயம் செய்கிறீர்கள்" என்று எழுதினால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்கவேண்டும். இப்படி எழுதுங்கள்:

"இன்ன சாலையில் இன்ன கடை முதல் இன்ன கடை வரை வாகனம் நிறுத்தத் தடை விதித்த உத்தரவின் நகல். அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்ட தேதி. வாகனங்களை இழுத்துச் செல்ல நிர்ணயித்த கட்டணம் மற்றும் அதற்கான உத்தரவின் நகல். இழுவைப் பணி தனியாருக்குத் தரப்பட்டிருந்தால் ஒப்பந்தத்தின் நகல். கடந்த ஓராண்டில் இந்த இடத்தில் போடப்பட்ட சலான்களின் எண்ணிக்கை."

30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. தடை உத்தரவே இல்லை என்று பதில் வந்தால் அந்தத் தாள் தங்கம், அங்கே சலான் வாங்கிய எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் கையில் வந்ததும் மனு. ஊட்டியில் திங்கட்கிழமை பிங்கர்போஸ்ட் கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் வரை இறங்கவேண்டியதில்லை, உள்ளூர்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம். போனில் என்றால் 1100. மனுவில் அபராதத்தை ரத்து செய்யுங்கள் என்று மட்டும் கேட்டால் அது அதோடு நின்றுவிடும். இடம் கேளுங்கள். மார்க்கெட்டில் காலை ஐந்திலிருந்து எட்டு வரை சரக்கு இறக்க அனுமதி, ஆஸ்பத்திரி வாசலருகே ஆட்டோ நிற்க இரண்டு வண்டிக்கு ஒரு கோடு, லைன் வீடுகள் உள்ள சாலையில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஒரு பக்கம் நிறுத்த அனுமதி, பார்க்கிங் வசதி இல்லாமல் நடக்கும் லாட்ஜுகளின் மேல் நடவடிக்கை. எந்த இடம் என்று கையால் ஒரு படம் வரைந்து, நோட்டில் குறித்துவைத்த சலான் விவரத்தை இணைத்து, கையெழுத்துப் போட்டவர்களின் வண்டி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். மனு எண் வாங்காமல் வரிசையை விட்டு வராதீர்கள், அடுத்த திங்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்கமுடியும். வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல் கொடுத்து நகர்மன்றக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்டாண்டுக்கும் சரக்கு இறக்கும் இடத்துக்கும் ஊருக்குள் இடம் ஒதுக்குவதில் போலீசோடு சேர்ந்து நகராட்சிக்கும் பங்கு உண்டு.